ஓட்டுநர் பக்கம் குளிர், பயணி பக்கம் சூடு: ஒரு கார் ஹீட்டர் கோளாறின் நிகழ்வு ஆய்வு

இரட்டை மண்டல ஹீட்டர் பொருத்திய கார்களில் குளிர்காலந்தோறும் வரும் புகார் ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக் காற்றுவாயில் நல்ல சூடு வருகிறது, மறுபக்கத்தில் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது. இதைக் கேட்டதும் பழுதுபார்ப்பவர்களில் பெரும்பாலோர் குளிர்ந்த பக்கத்தின் பிளெண்ட் டோரையோ (சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவு), அந்தக் கதவைத் திருப்பும் சிறிய அக்சுவேட்டர் மோட்டாரையோதான் முதலில் சந்தேகிக்கிறார்கள். சந்தேகம் நியாயமானதே. ஆனால் எதையும் அளக்காமல் அந்தச் சந்தேகத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உதிரிபாகம் வாங்கி மாட்டினால், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், வாடிக்கையாளரின் பணம் மட்டும் போகும். டொரொண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரு ஜனவரி மாதத்தில் வந்த கார், இதை ஒவ்வோர் அளவீட்டிலும் காட்டியது. அதனால்தான் அதன் பரிசோதனையை முதலிலிருந்து முடிவுவரை இங்கே பதிவு செய்கிறேன்.

புகாரும் முன்கதையும்

கார் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட நடுத்தர செடான். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஓட்டுநருக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் தனித்தனியே வெப்பநிலை வைக்கும் வசதி அதில் உண்டு. கனடாவில் ஓட்டுநர் இருக்கை இடப்புறம் என்பதால், கீழே வரும் அளவுகளில் இடது என்றால் ஓட்டுநர் பக்கம், வலது என்றால் பயணி பக்கம் என்று கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குக் கால் விறைக்கிறது, பக்கத்தில் இருக்கிற மனைவி சூடு தாங்காமல் கோட்டைக் கழற்றுகிறார்." இந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எனவே சில கேள்விகளைக் கேட்டேன். சிக்னலில் நிற்கும்போது மோசமாகிறதா, நெடுஞ்சாலையில் ஓடும்போது சரியாகிறதா? நெடுஞ்சாலை 401இல் சிறிது தூரம் போனதும் ஓட்டுநர் பக்கமும் ஓரளவு சூடாகிறது, இறங்கி நகரச் சாலைக்கு வந்ததும் மறுபடி குளிர்கிறது என்றார். கோடையில் ஏசி இரு பக்கமும் ஒரே அளவில் குளிர்ந்ததா? ஆம் என்றார். டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று ஏதாவது சத்தம் கேட்கிறதா? இல்லை. காரை முடுக்கும்போது உள்ளே நீர் சலசலக்கும் ஓசை? சில காலைகளில் உண்டு. கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், தொடர்பாக எப்போதாவது வேலை நடந்ததா? இதற்கான பதில்தான் முக்கியமாக அமைந்தது. ஈராண்டுகளுக்கு முன் ரேடியேட்டரின் ஓரத்தில் சிறு கசிவு ஏற்பட்டபோது, வேறொரு பட்டறையில் கசிவை அடைக்கும் திரவம் ஒரு புட்டி ஊற்றியிருக்கிறார்கள். சில மாதங்கள் கழித்துக் கசிவு திரும்பி வரவே ரேடியேட்டரையே மாற்றி, கையில் இருந்த பச்சை நிறக் கூலண்டை நிரப்பி, மீதிக்குக் குழாய் நீரைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காருக்கு உரியது கரிம அமில வகையைச் சேர்ந்த ஆரஞ்சு நிறக் கூலண்ட்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஹீட்டர் புகாரோடு இன்னொரு பட்டறைக்குப் போனபோது, ஓட்டுநர் பக்க பிளெண்ட் டோர் அக்சுவேட்டரை மாற்றியிருக்கிறார்கள். பலன் இல்லை. அடுத்ததாகக் கதவே உடைந்திருக்கலாம், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் எங்களிடம் வந்தார். மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியை விழுங்கும் ஒரு வேலையை, ஒரு தெர்மாமீட்டர்கூட வைத்துப் பார்க்காமல் ஒருவருக்குப் பரிந்துரைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

ஒரே கோர், இரண்டு பக்கம்

அளவுகளுக்குப் போகும் முன் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு வழக்கும் இதில்தான் தங்கியிருக்கிறது. இரட்டை மண்டலம் என்ற பெயரைக் கேட்டால் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஹீட்டர் இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலான கார்களில் அப்படி இல்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியில் ஹீட்டர் கோர் ஒன்றே ஒன்றுதான். அது ரேடியேட்டரின் சிறு வடிவம்: தட்டையான மெல்லிய அலுமினியக் குழல்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கிடையே தகடுகள் இருக்கும், இரு முனைகளிலும் நீர் பரவும் தொட்டிகள் இருக்கும். எஞ்சினில் சூடான கூலண்ட் இதற்குள் ஓடுகிறது, புளோவர் தள்ளும் காற்று இதன் ஊடாகப் போய்ச் சூடேறுகிறது. பெட்டியின் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால், கோரின் இடப்பாதியைக் கடந்த காற்று இடப்பக்கக் காற்றுவாய்களுக்கும், வலப்பாதியைக் கடந்த காற்று வலப்பக்கத்துக்கும் போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள பிளெண்ட் டோர், எவ்வளவு காற்று கோர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு சூடேறாமல் விலகிப் போக வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது.

இந்தக் காரில் கூலண்ட் உள்ளே வரும் குழாயும் வெளியேறும் குழாயும் கோரின் வலப்பக்க முனையில் உள்ளன. மேல்தொட்டியில் வலப்பக்கம் நுழையும் நீர், இடப்பக்கம்வரை பரவி, செங்குத்தான குழல்கள் வழியே இறங்கி, கீழ்த்தொட்டியில் சேர்ந்து, மறுபடி வலப்பக்கமாக வெளியேற வேண்டும். ஓட்டம் தாராளமாக இருக்கும்போது எல்லாக் குழல்களுக்கும் நீர் போய்ச் சேருகிறது. ஓட்டம் குறைந்தால் நுழைவாயிலை ஒட்டிய குழல்களுக்கே பெரும்பங்கு கிடைத்து, தொலைவில் இருக்கும் இடப்பக்கக் குழல்கள் பட்டினி கிடக்கின்றன. வண்டல் இருந்தால் அதுவும் நீரின் வேகம் மிகக் குறைவான தூரக் கோடியில்தான் முதலில் படிகிறது. ஆக, கூலண்ட் ஓட்டத்தில் ஏற்படும் ஒரு பொதுவான குறை, கேபினுக்குள் ஒரு பக்கத்துக் குறையாகத் தோற்றம் தருகிறது. குழாய்கள் இடப்பக்கம் அமைந்த கார்களில் இதே குறை பயணியைக் குளிரவைக்கும்.

எல்லாக் கார்களும் இப்படி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் மெர்சிடஸ், பி.எம்.டபிள்யூ கார்கள் சிலவற்றில் சூட்டைக் கட்டுப்படுத்துவது காற்றுக் கதவு அல்ல, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த நீர்வால்வு. அத்தகைய காரில் ஒரு வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் அது உண்மையிலேயே ஒரு பக்கத்துக் கோளாறுதான். பரிசோதனையைத் தொடங்கும் முன் கையில் இருக்கும் கார் எந்த வகை என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிடுவது, பின்னால் வரும் குழப்பத்தில் பாதியைத் தவிர்க்கும்.

முதல் சோதனைகள்

கார் இரவு முழுவதும் வெளியே நிற்கும்படி விட்டுச் சென்றிருந்தார். காலையில் வெளி வெப்பநிலை மைனஸ் 14 டிகிரி செல்சியஸ். எஞ்சினை முடுக்கி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, ஒன்றும் செய்யாமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பணச்செலவில்லாத சோதனை, ஆனால் அரிதாகவே செய்யப்படுகிறது. பயணிக்கு முன்னால் உறைபனி கீழிருந்து விசிறிபோல் உருகி மேலேறிப் பாதிக் கண்ணாடி தெளிந்துவிட்ட பிறகும், ஸ்டியரிங்குக்கு நேர் மேலே கைப்பிடி அளவு இடம்கூட உருகவில்லை. இது வசதிக் குறைவு மட்டும் அல்ல. முன்கண்ணாடியின் உறைபனியையும் மூட்டத்தையும் அகற்றும் வசதிக்குக் கனடாவில் தனிப் பாதுகாப்புத் தரமே இருக்கிறது. ஓட்டுபவரின் பார்வைக்குக் குறுக்கே பனி நிற்கும் காரைப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவில் ஓட்டுவது ஆபத்து.

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருந்த அந்தக் காலையிலேயே, முடுக்கும் முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்திருந்தேன். கூலண்டின் மட்டம் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. நிறம் பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, கலங்கிய பழுப்பு. மூடியின் அடிப்புறத்தில் விரலால் வழிக்கக்கூடிய பசை ஒட்டியிருந்தது. அதை இரு விரல்களுக்கிடையே தேய்த்தபோது, வழுவழுப்புக்குள் நுண்ணிய மணல்போன்ற துகள்கள் தட்டுப்பட்டன, வெளிச்சத்தில் அவை செம்பு நிறத்தில் மின்னின. கசிவடைக்கும் திரவத்தின் மிச்சம் அது. கூலண்டின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் உறைநிலை மைனஸ் 26 என்று காட்டியது. கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்திருந்தால் மைனஸ் 37 அளவில் இருக்க வேண்டும். அதாவது குழாய் நீர் தாராளமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

குறைந்திருந்த மட்டத்தை முதலில் சரிசெய்து, அமைப்பில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினேன். இந்த வரிசை முக்கியம். கூலண்ட் குறைந்து கோருக்குள் காற்றுக்குமிழ் நிற்கும்போதும் இதே அறிகுறிதான் தோன்றும், சலசலப்பும் அதனால்தான் வரும். அதைத் தீர்க்காமல் எடுக்கும் அளவுகளை நம்ப முடியாது. காற்று வெளியேறியதும் சலசலப்பு நின்றது, ஆனால் பக்க வேறுபாடு அப்படியே இருந்தது. காற்று எங்கிருந்து வந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. அழுத்தச் சோதனையில் 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) குறையாமல் நின்றது. எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாக, எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிகிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறாமல் நீலமாகவே இருந்தது. பழைய கசிவில் இழந்த நீரும், ரேடியேட்டர் மாற்றியபோது சரியாக வெளியேற்றப்படாத காற்றும்தான் காரணம் என்று கொள்ள இது போதும்.

அளவீடுகள்

இனி முக்கியமான கட்டம். இரு பக்கத்து வெப்பநிலையையும் உச்சத்தில் வைத்தேன். தானியங்கி அமைப்பில் உச்சத்தில் வைக்கும்போது, கேபினின் வெப்ப உணரியும் டேஷ்போர்டின் மேலிருக்கும் வெயில் உணரியும் என்ன சொன்னாலும், கட்டுப்பாட்டுக் கணினி இரு கதவுகளையும் முழுச் சூட்டுக்கே திருப்புகிறது. இருபத்திரண்டு டிகிரியில் வைத்துச் சோதிப்பவர் உணரிகளையும் சேர்த்துச் சோதிக்கிறார், எது எதனால் என்று பிறகு பிரிக்க முடியாது. காற்று வெளியிலிருந்து எடுக்கும் நிலை, புளோவர் நடுவேகம், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் எஞ்சின் 90 டிகிரி. காற்றுவாய்க்குள் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைச் செருகி எடுத்த அளவுகள்: ஓட்டுநரின் இடக்கோடி 27 டிகிரி, அவருக்கு நேரான நடுவாய் 31, பயணியின் நடுவாய் 58, வலக்கோடி 61.

எஞ்சின் 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கிறது என்பதால், எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் கூலண்டைத் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கும் சாத்தியம் விலகியது. அப்படி இருந்தால் எஞ்சினே சூடேற மறுக்கும், இரு பக்கமும் சேர்ந்தே குளிரும். கேபின் ஃபில்டர் அழுக்காக இருந்தது, மாற்றினேன். அடைத்த ஃபில்டர் காற்றின் அளவைக் குறைக்குமே தவிர, ஒரு பக்கத்தை மட்டும் குளிரவைக்காது.

அடுத்து, காரை நிறுத்தியபடியே எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்திச் சில நிமிடங்கள் பிடித்தேன். ஓட்டுநர் நடுவாய் 31இலிருந்து 44க்கு ஏறியது. பயணி பக்கம் 58இலிருந்து 62 ஆனது, அவ்வளவுதான். சுற்றைக் குறைத்ததும் ஓட்டுநர் பக்கம் மறுபடி இறங்கியது. பிறகு ஐடிலிலேயே (ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில்) புளோவரை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கினேன். ஓட்டுநர் பக்கம் 42க்கு வந்தது. இவ்விரண்டு சோதனைகளும் ஒன்றையே சொல்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்ப் அதிக நீரைத் தள்ளுகிறது. புளோவர் மெதுவானால் இருக்கிற நீரிலிருந்து எடுக்கப்படும் சூடு குறைகிறது. இரண்டிலும் தூரக் குழல்களுக்குச் சூடு மிஞ்சுகிறது. உடைந்த கதவுக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது தெரியாது. அது 800 சுற்றிலும் 2,500 சுற்றிலும் ஒரே அளவு குளிர்காற்றைத்தான் விடும். டேஷ்போர்டைக் கழற்றச் சொன்னவர் ஆக்சிலரேட்டரைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருந்தால் போதும், அந்தத் தாளை எழுதியிருக்க மாட்டார்.

எஞ்சின் அறையின் பின்சுவரில் கோருக்குள் போகும் ஹோஸையும் வெளியேறும் ஹோஸையும் அளந்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. உள்ளே போவது 84 டிகிரி, வெளியேறுவது 47. இந்த அளவு குளிரில், நன்றாக ஓடும் கோரில் இவ்விரண்டுக்கும் இடையே 10 முதல் 20 டிகிரிவரை இறங்குவது இயல்பு. இங்கே 37 டிகிரி இறங்குகிறது. நீரிலிருந்து எடுக்கப்படும் சூட்டின் அளவு ஏறக்குறைய மாறாதபோது, ஓட்டம் மூன்றில் ஒரு பங்கானால் வெப்ப இறக்கம் சுமார் மூன்று மடங்காகும் என்பது எளிய கணக்கு. இரு ஹோஸ்களும் நல்ல சூடாக இருந்து காற்று மட்டும் குளிர்ந்திருந்தால், குற்றம் நீரின் பக்கம் இல்லை, கதவின் பக்கம் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

இந்த அளவை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையடக்க அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது, ஆனால் அதை எங்கே நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது தவறான எண்ணைக் காட்டும். மங்கிய கறுப்பு ரப்பரில் அது நம்பத்தக்க அளவைத் தரும். பளபளக்கும் அலுமினியக் குழாயிலோ ஹோஸ் கிளிப்பிலோ நீட்டினால், அந்த உலோகத்தின் சூட்டைவிடச் சுற்றியுள்ள பொருள்களின் பிரதிபலிப்பையே பெரிதும் படித்து, உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். இரு ஹோஸ்களிலும் ஒரே மாதிரி ரப்பர்ப் பகுதியில், ஒரே தூரத்தில் பிடித்து அளக்க வேண்டும்.

கதவுகளை நான் சோதிக்காமல் விடவில்லை. ஸ்கேனரில் இரு அக்சுவேட்டர்களும் கணினி கேட்ட இடத்துக்கே போய் நின்றன. ஆனால் ஸ்கேனர் சொல்வது மோட்டாரின் தண்டு எங்கே நிற்கிறது என்பதைத்தான், கதவு எங்கே நிற்கிறது என்பதை அல்ல. இணைப்பில் கதவின் அச்சு முறிந்திருந்தால் மோட்டார் மட்டும் சுற்றிவிட்டு எல்லாம் சரி என்று தெரிவிக்கும். ஆகையால் ஓட்டுநர் பக்கத்தைத் தாழ்நிலைக்கும் பயணி பக்கத்தை உச்சத்துக்கும் வைத்துப் பார்த்தேன், பிறகு மாற்றி வைத்தேன். ஓட்டுநர் பக்கத்தைத் தாழ்நிலைக்கு இறக்கியதும் 31ஆக இருந்த காற்று உறைநிலைக்கே கீழே போனது, உச்சத்துக்கு ஏற்றியதும் 31க்கு மீண்டது. கதவு தன் முழு வீச்சையும் அசைகிறது. கோர் கொடுக்கும் சூடுதான் போதவில்லை.

பம்பா, கோரா?

ஓட்டம் குறைவு என்று தெரிந்தபின் அதற்கு இரண்டு காரணங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, கோர் அடைத்திருக்கிறது. மற்றொன்று, பம்ப் போதிய நீரைத் தள்ளவில்லை. பம்பின் உள்சக்கரம் அரித்துப்போயிருந்தாலோ, தண்டில் வழுக்கினாலோ, சுத்தமான கோரிலும் இதே பக்க வேறுபாடு ஐடிலில் தோன்றும். ஓட்டக் குறைவு என்றதுமே கோரைக் கழுவத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எஞ்சின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின், கோருக்குள் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, கழற்றிய இடத்தைத் தற்காலிகமாக மூடி, எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டேன். நீர் முழுக் குழாயும் நிறைந்து வேகமாகக் கொட்டியது. பம்பில் குறையில்லை. அடுத்து, குழாய் நீரை அழுத்தம் குறைக்கும் வால்வு வழியாக 10 பிஎஸ்ஐக்கு இறக்கிக் கோருக்குள் விட்டுப் பார்த்தபோது, 10 லிட்டர் வாளி நிறைய ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கோர்தான் அடைத்திருக்கிறது என்ற தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

ஹோஸைக் கழற்றும்போது செய்யக்கூடாத ஒன்று: ஒட்டிப்பிடித்த பழைய ஹோஸை இடுக்கியால் முறுக்கி இழுப்பது. கோரின் குழாய்கள் மெல்லிய அலுமினியம். முறுக்கும் விசை உள்ளே தொட்டியோடு சேரும் இணைப்பைப் பிளந்துவிடும். பிறகு அடைபட்ட கோர், கம்பளத்தை நனைக்கும் ஓட்டைக் கோராகிவிடும். ஹோஸின் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, உரித்தெடுத்து, புது ஹோஸ் போடுவதே நல்லது.

கழுவல்

நீர் வழக்கமாக வெளியேறும் குழாய் வழியாக, எதிர்த்திசையில், அதே 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீரைச் செலுத்தினேன். வீட்டுக் குழாயின் முழு அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். பத்து ஆண்டு ஓடிய கோரில் அதை நேராகத் திறந்துவிட்டால் கோர் வெடிக்க வாய்ப்புண்டு. முதலில் பழுப்பு நீர் வந்தது, பிறகு ஒரு தடங்கல், பிறகு ஆறிப்போன கேழ்வரகுக் கூழின் நிறமும் பதமுமாக ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து வாளியின் அடியில் தங்கியது. அதற்குள் அதே செம்பு நிறத் துகள்கள் இருந்தன. ஒவ்வாத இரு வகைக் கூலண்டுகள் கலக்கும்போது அவற்றிலுள்ள துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் சில நேரம் இப்படிக் களியாகத் திரள்கின்றன. குழாய் நீரின் கால்சியமும் மக்னீசியமும் அதற்குத் துணைபோகின்றன. கசிவடைக்கும் துகள்கள் அந்தக் களியோடு சேர்ந்துகொண்டால், குழலின் குறுகிய வாய் அடைபட வேறெதுவும் வேண்டியதில்லை. ரேடியேட்டரின் கசிவுக்காக ஊற்றியது ரேடியேட்டரில் மட்டும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. அது முழு அமைப்பிலும் சுற்றி, மிகக் குறுகிய இடத்தைத் தேடி அடைகிறது. அந்த இடம் பெரும்பாலும் ஹீட்டர் கோர். நெடுஞ்சாலையில் நடுவழியில் நின்றுவிட்டவர் வீடு சேர்வதற்காக ஊற்றினால் குறை சொல்ல மாட்டேன். பழுதுபார்ப்பாகப் பணம் வாங்கிக்கொண்டு ஊற்றுவதை ஏற்கமாட்டேன்.

திசையை மாற்றி மாற்றி நீரைச் செலுத்தி, இடையே அலுமினியத்துக்கு ஏற்ற ரேடியேட்டர் சுத்திகரிப்புத் திரவத்தை வெந்நீரில் கலந்து கோருக்குள் நிறுத்தி வைத்து, மறுபடி கழுவினேன். புட்டியில் குறித்த நேரத்துக்கு மேல் அதை விட்டுவைக்கக் கூடாது, கோரின் சுவர் மெல்லியது. தெளிந்த நீர் வரும்வரை தொடர்ந்தபின் அதே வாளி அரை நிமிடம் கடந்த சற்றுநேரத்தில் நிறைந்தது. எஞ்சினையும் ரேடியேட்டரையும் தனியே கழுவினேன். கோரை மட்டும் கழுவிவிட்டு அழுக்கு நிறைந்த எஞ்சினோடு மறுபடி இணைத்தால் சில வாரங்களில் அந்த அழுக்கெல்லாம் கோருக்கே வந்து சேரும். கடைசி அலசலுக்குத் தாது நீக்கிய நீர். பிறகு கையேட்டில் சொன்ன தரத்திலான ஆரஞ்சுக் கூலண்டும் தாது நீக்கிய நீரும் சரிபாதியாக, வெற்றிட நிரப்பி கொண்டு காற்றில்லாமல் நிரப்பினேன்.

வெளியே எடுத்த பழைய கூலண்டை மூடிய கலனில் அடைத்து, கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்தோம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். ஸ்கார்பரோவின் தெருவோர மழைநீர் வடிகால்களில் ஊற்றுவது ஹைலண்ட் கிரீக் போன்ற ஓடைகள் வழியே ஒன்டாரியோ ஏரிக்குத்தான் போகும். நாம் குடிக்கும் நீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

பலனும், வேறு காரணங்களும்

மாலையில் வெளியே மைனஸ் 16 டிகிரி. காலையில் வைத்த அதே நிலைகள், அதே காற்றுவாய்கள், ஐடில். ஓட்டுநரின் இடக்கோடி 57, நடுவாய் 59, பயணியின் நடுவாய் 61, வலக்கோடி 62. கோருக்குள் போகும் ஹோஸ் 85, வெளியேறுவது 71. சுற்றை 2,500க்கு உயர்த்தியபோது இரு பக்கமும் ஓரிரு டிகிரிக்கு மேல் மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பக்க வேறுபாடும் கோர் அடைப்புதான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்சுவேட்டர் கெடுவது மிகச் சாதாரணம். அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் உடைந்தால் டேஷ்போர்டுக்குள் விட்டுவிட்டுத் தட்டும் சத்தம் கேட்கும். நிலை உணரி தேய்ந்தால், 5 வோல்ட் கொடுத்தும் திரும்பி வரும் மின்னழுத்தம் கதவு நகரும்போது சீராக ஏறாமல் துள்ளும். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் தொடங்கிய வேறுபாடென்றால், கணினி கதவுகளின் எல்லைகளை மறந்திருக்கலாம். மறுஅளவீடு செய்தாலே தீரும். உச்சத்தில் வைத்தால் இரு பக்கமும் சமமாகவும், இருபத்திரண்டில் வைத்தால் மட்டும் வேறுபாடாகவும் இருந்தால் உணரிகளைப் பார்க்க வேண்டும். வெயில் விழும் பக்கத்துக்குச் சூட்டைக் குறைத்துக் கொடுப்பது சில கார்களில் அமைப்பின் இயல்பே, அது கோளாறு அல்ல.

ஹீட்டரையே தொடாமல் காலம் கழிக்கும் சென்னை, கொழும்பு வாசகர்களுக்கும் இதே தருக்கம் ஏசியில் பொருந்தும். வாயு குறைந்த ஏசியில், காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டருக்குள் நுழையும் குளிர்த்திரவம் தூரக் கோடியை அடையும் முன்பே ஆவியாகிவிடுவதால், ஒரு பக்கக் காற்றுவாய் குளிர்ந்தும் மறுபக்கம் அவ்வளவு குளிராமலும் இருக்கும். அங்கேயும் முதலில் குற்றம் சாட்டப்படுவது அக்சுவேட்டர்தான். அழுத்தமானியைப் பொருத்தி வாயுவின் அளவைப் பார்த்த பிறகு டேஷ்போர்டில் கை வைப்பது நல்லது.

கழுவல் நிரந்தரத் தீர்வு என்று வாடிக்கையாளரிடம் நான் சொல்லவில்லை. முழுமையாக அடைத்துப்போன குழல்கள் சில திறக்காமலே இருக்கக்கூடும், எஞ்சினின் மூலைகளில் தங்கிய துகள்கள் மெல்லக் கழன்று வரவும் கூடும். கோரை மாற்றுவதென்றால் இந்தக் காரில் டேஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும், ஏசி வாயுவைச் சான்றிதழ் பெற்றவர் உறிஞ்சி எடுத்துவைக்க வேண்டும். அது பெரிய வேலை. தேவைப்படும் நாள் வருமுன் அதைச் செய்ய வேண்டியதில்லை. மார்ச் மாதம் ஆயில் மாற்ற அவர் வந்தபோது மறுபடி அளந்தேன். ஓட்டுநர் நடுவாய் 57, பயணி நடுவாய் 61, வெளியேறும் ஹோஸ் 68, கூலண்ட் தெளிவாக இருந்தது. இனி இலையுதிர்காலத்தில், குளிர் பிடிக்கும் முன், இதே அளவுகளை எடுப்பதென்றும், வெளியேறும் ஹோஸ் ஐடிலில் 60 டிகிரிக்குக் கீழே வந்திருந்தால் கோரை மாற்றுவதென்றும் அவரோடு பேசி முடிவு செய்தோம். ஜனவரியிலும் மார்ச்சிலும் எடுத்த எண்கள் முழுவதையும் அவருடைய ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போனாலும் அங்குள்ளவர் அந்த எண்களிலிருந்தே தொடங்கலாம்.